ரத்தினபாய் டீச்சர் கொடுத்த காபி

ஐம்பது வயசுக்கு மேல் ஜீவரத்தினத்துக்குப் புத்தி கெட்டுப்போச்சென்று தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? போலீஸ் வேலையை விட்டுவிட்டு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினவர், பெண்டாட்டி செத்ததிலிருந்து வேதக்கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், அறுபத்தேழு டிசம்பர் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பளிச்சென்று சவரம் செய்துகொண்டு சேலையூரில் ஒரு விதவை வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த விதவை ரத்தினபாய் டீச்சர். போன மாதம் ஐந்தாம் தேதி அவள் புருஷன் துரை, காபியில் கலந்த மூட்டைப்பூச்சி மருந்தால் செத்துப்போனார். துரையின் தம்பி தயாளன் அன்று செங்கல்பட்டிலிருந்து முதல் ரயிலில் வந்து, ஆறு மணிக்குத் தன் கையாலேயே அண்ணனுக்குக் காபி கொடுத்தான் என்று டீச்சர் வாக்குமூலம் எழுதிக்கொடுத்தாள். 'அண்ணன் தூங்குறார்னு அண்ணி வாசலோடு அனுப்பிட்டாங்க' என்று தயாளன் தலையில் அடித்துக்கொண்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஜெயிலில் இருக்கிறான். தீர்ப்பு வந்தால் தூக்குதான்.

அவன் மருந்து வாங்கினதற்குச் சாட்சி தேடத்தான் டீச்சர் ஜீவரத்தினத்தை அமர்த்தியிருந்தாள். பெருங்களத்தூர் வரை அலைந்தும் ஒரு கடைக்காரனும் தயாளனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. மனுஷனுக்கு உறுத்தத்தான் செய்தது. டீச்சர் முகத்தைப் பார்த்தால் உறுத்தல் போன இடம் தெரியாது, அதுதான் கஷ்டம். இன்றைக்கு, அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டுவிடுவது என்றே வந்திருந்தார்.

டீச்சர் ஒரே ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"உங்களுக்கு?"

"முதல் ஞாயிறாச்சே சார். கோயில்ல திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்கிற வரைக்கும் பச்சைத்தண்ணி கூடத் தொடமாட்டோம்."

"துரை சாருமா?"

"பதினெட்டு வருஷத்துல ஒரு தடவை தவறினதில்ல" என்றாள். சொன்ன பிறகுதான் வாயை மூடிக்கொண்டாள்.

போன மாதம் ஐந்தாம் தேதியும் முதல் ஞாயிறுதான். கேஸை விசாரித்த இன்ஸ்பெக்டர் தோத்தாத்ரி ஐயங்கார், அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும். ஞானஸ்நானம் வாங்கின ஜீவரத்தினத்துக்கு எங்கே போச்சு அறிவு? காலை ஆறு மணிக்குத் துரை காபி குடித்திருக்கவே முடியாது. குடித்தது முந்தின நாள் ராத்திரி; காலையில் தயாளன் வாசலில் நின்றபோது உள்ளே கிடந்தது பிணம். அந்த ராத்திரி தயாளன் செங்கல்பட்டில் இருந்தான். வீட்டில் இருந்தது டீச்சர் மட்டும்தான்.

"ஏன் டீச்சர்?"

"இந்த வீட்டைத் தம்பி பேருக்கு எழுதப் போறேன்னார்." அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "குடிங்க, ஆறிப்போகுது."

அவர் டம்ளரைத் தொடவில்லை. "இதோட எப்படிப் போய் முழங்கால் போடுவீங்க?"

"போகலைன்னா நாலு பேர் பேசுவாங்க சார்."

கோயில் மணி அடித்தது. அவள் பைபிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இவர் அழுதுகொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். அழுததை மறைக்கவும் இல்லை.

தோத்தாத்ரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் உம்மைத்தான் முதலில் கிழிப்பான். அவள் உமக்கு இணங்கவில்லை, அதான் பழி போடுகிறீர் என்பான். அவள் மேல் உமக்கு ஒரு ஆசை என்று ஊரே சொல்கிறதே, நிஜமா?"

"நிஜம் சார்" என்றார் ஜீவரத்தினம். "இப்பவும் இருக்கு. அதையும் சேர்த்தே எழுதிக்கோங்க."