பதினாறாவது நிமிடத்தின் சூடு

1

இந்தக் கதை ஒரு மாணவியின் கேள்வியிலிருந்து வந்தது. கேள்வியை அப்படியே வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அடித்து அடித்து எழுதியது.

முதல் தொடக்கம்: ‘மனைவியை இழந்த இளம் கணக்கு வாத்தியார் வகுப்புக்குள்…’ (வேண்டாம். நுழையும்போதே அழுதுவிடுவார்.)

இரண்டாவது: வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

2

ஒரு கோப்பை வெந்நீரில் தெர்மாமீட்டரை நிறுத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாத்தியார் வீட்டில் குறித்த எண்கள். வருடா வருடம் அவைதான். பிள்ளைகள் அவற்றை, நிமிடம் ஒரு வரிசை, சூடு ஒரு வரிசை என்று வரைபடக் கால்குலேட்டரில் ஏற்றுவார்கள். திரையில் புள்ளிகள் தோன்றும். அவற்றுக்குப் பொருந்தும் வளைவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“சார், எல்லாப் புள்ளியும் வளைவை விட்டுக் கொஞ்சம் மேலயோ கீழயோ இருக்கு. பதினாறாவது நிமிஷம் மட்டும் அச்சா கோட்டு மேலயே உக்காந்திருக்கு,” என்றாள் ஒரு மாணவி.

“இருக்கட்டுமே.”

“நீங்களே போட்டதா சார்?”

“சாரே காப்பியடிச்சிட்டாருடா!” என்றது கடைசி பெஞ்சு. வாத்தியாரும் சிரிக்கப் பார்த்தார்.

3

வீட்டில் அந்த எண்களைக் குறித்த அன்று, பதினாறாவது நிமிடத்தில் அவர் மனைவி தெர்மாமீட்டரைக் கோப்பையிலிருந்து உருவி, உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க, தண்ணிக்கு மட்டும்தான் பாப்பீங்களா? எனக்கும் பாருங்க.”

“அடிப்பாவி, கணக்கே கெட்டுச்சு.”

“கெடட்டும். எழுதுங்க.”

எழுதினார். அவள் அந்தப் பக்கம் போனதும் அதை அழித்துவிட்டு, வளைவுக்குத் தோதான ஓர் எண்ணைப் போட்டார். இப்போது அவள் இல்லை. அழித்த எண் என்னவென்றும் நினைவில்லை.

(அவளை விவரித்துப் பார்த்தேன். பொறுமைசாலி, சிரித்த முகம், ஒருநாளும் கோபமே… எல்லாம் அச்சாகக் கோட்டின்மேல் உட்கார்ந்தன. அடித்துவிட்டேன். கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாதவள். இது விலகி நிற்கிறது. இருக்கட்டும்.)

4

ஒரு முடிவு: பழைய எண் நினைவுக்கு வருகிறது. (வரவில்லை.)

இன்னொன்று: உள்ளங்கைச் சூடு முப்பத்துமூன்றோ முப்பத்துநான்கோ, உத்தேசமாக ஒன்றைப் போடுகிறார். (மறுபடியும் பொய்.)

நடந்தது இது. வாத்தியார் கால்குலேட்டரின் சூட்டு வரிசையிலிருந்து அந்தப் பொய் எண்ணை நீக்கினார். கீழே இருந்த எண்கள் ஒரு படி மேலேறி அவள் இடத்தை அடைத்துக்கொண்டன. நிமிடங்களின் வரிசையில் பதினாறு அப்படியே நின்றது. வளைவு கேட்டார். இரண்டு வரிசையும் நீளத்தில் பொருந்தவில்லை என்று கால்குலேட்டர் மறுத்துவிட்டது.

“சார், அந்த நிமிஷத்தையும் எடுத்துடுங்க. சரியாயிடும்,” என்றாள் மாணவி.

சரியாகிவிடும்தான். வளைவும் அழகாக வரும். வாத்தியாரின் விரல் பொத்தான்மேல் இருக்கிறது.

எடுக்கலாமா? நீங்கள் சொல்லுங்கள். அந்த விரலை அழுத்தவும் விலக்கவும் என்னால் முடியவில்லை.