இரண்டு மீட்டர் ஆழம்

சைபீரியாவில், கோடையிலும் உருகாத உறைமண்ணை அளக்கும் ஜப்பான்காரி கசுமி இந்தக் கோடையிலும் இடுகாட்டு மேட்டுக்கு வந்துவிட்டாள். மண்ணின் குளிரை அளக்கும் கருவியைப் புதைக்க அங்கே இடம் காட்டியவள் உள்ளூர்க்காரி குன்னேய். வேலிக்கு அந்தப் பக்கம், மிச்சில் என்ற அவள் புருஷன் மண்ணுக்குள் கிடந்தான்.

அவனுக்குக் குழி வெட்ட, நாள் கணக்கில் நெருப்பு மூட்டி மண்ணை இளக்க வேண்டியிருந்தது. சாகக் கிடந்தபோதும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

"இந்த ஐஸுக்குள்ள நான் இப்படியே இருப்பேன்டி. நீ பல்லு போன கிழவியா வருவ. யாரு இந்தப் பாட்டின்னு கேப்பேன்."

"கேளுய்யா, கேளு. அங்கயும் வந்து நாலு சாத்து சாத்துறேன்."

அன்றிலிருந்து நரை தெரியும்போதெல்லாம் அவனைத்தான் திட்டுவாள்.

இப்போது கசுமி, கருவி காட்டிய எண்ணை மறுபடி மறுபடி சரிபார்த்தாள்.

"என்னடியம்மா, அதையே பாத்துக்கிட்டு நிக்கிற?"

"எப்பவும் மைனஸ்லதான் இருக்கும்க்கா. இந்த வருஷம் பூஜ்யத்தைத் தாண்டிடுச்சு. மண்ணு உருகுது."

"எவ்வளவு ஆழத்துல?"

"ரெண்டு மீட்டர்."

குன்னேய் வேலியைப் பிடித்துக்கொண்டாள். அவனைப் படுக்கவைத்த ஆழம் அது. மெல்லத் தலைத்துணியை அவிழ்த்து, நரைத்த முடியை அவன் பக்கம் காட்டினாள்.

"இனிமே என்னைக் கேலி பண்ணாதய்யா," என்றாள். "உனக்கும் வயசாக ஆரம்பிச்சிடுச்சு."