கால் கழுவும் சனிக்கிழமை

கிதியோன் பிரதரின் வெளிநாட்டு விருந்தாளிகள் இந்த வருஷமும் வருகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே ஆரோக்கியமேரி மேஸ்திரியிடம் சனிக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிழைக்க வந்த தெலுங்கு நகரத்தில், கச்சிபௌலியில் அவள் கலவைச் சட்டி தூக்குகிற கட்டடத்தில் அன்றைக்குக் கூரை போடுகிற வேலை. அன்று வராதவள் அப்புறமும் வரவேண்டாம் என்றான் மேஸ்திரி. சரி என்றாள். அவளுக்கு அந்தச் சனிக்கிழமை வேண்டும். கிதியோனைத் தன் மகளின் காலடியில் முட்டி போட வைத்து, அவன் செய்ததை அவன் வாயாலேயே எல்லாரும் கேட்கச் சொல்ல வைக்கவேண்டும். ஒரு வருஷமாக அவள் தின்ற சோறும் தூக்கிய சட்டியும் அதற்காகத்தான்.

லாலாகுடாவில் ரயில்வே குடியிருப்புகள் முடிகிற இடத்தில் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் குடிசைகள். கிதியோன் அங்கே ஒரு ஷெட் கட்டி, சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொண்டான். மத்தியானம் சோறு, வாரத்தில் முட்டை, சாயங்காலம் இங்கிலீஷ் பாடம். பொய் சொல்லக்கூடாது, நல்ல சோறுதான் போட்டான். ஷெட்டை எல்லாரும் சென்டர் என்பார்கள். அவன் அதே நகரத்தில், திருமுல்கேரியில் மாடி வீட்டில் பிறந்து வளர்ந்த தமிழன். தெலுங்கு, இங்கிலீஷ், உருது எல்லாம் தண்ணீராக ஓடும்.

வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுச் சபையிலிருந்து ஊழியம் செய்ய ஆட்கள் வருவார்கள். இளம் பிள்ளைகள், ஓய்வுபெற்ற நர்சுகள், ஒருசில தச்சர்கள். சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பாட்டு சொல்லித்தருவார்கள். அவர்கள் இருக்கிற நாட்களில் பிள்ளைகள் ராத்திரியும் சென்டரிலேயே தங்கவேண்டும். முதல் நாள் சனிக்கிழமை, கால் கழுவுவது. பிள்ளைகளை நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்து, வந்தவர்கள் முட்டி போட்டுக் காலைக் கழுவித் துடைத்துப் புது ஷூ மாட்டிவிடுவார்கள்.

ஆரோக்கியமேரிக்குக் கால் கழுவுவது புதிதில்லை. கோயிலில் பெரிய வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். திண்டிவனம் பக்கத்து அவள் ஊரில், கழுவப்போகிற காலை வீட்டிலேயே நாலு தடவை தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். அழுக்குக் காலைச் சாமியார் கையில் கொடுப்பது மானக்கேடு. அதனால் போன வருஷம் அவளும் மகள் ரோஸ்லினின் இரண்டு காலையும் சோப்பு போட்டு, செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி அனுப்பினாள். பிள்ளையின் கால் இட்லி மாதிரி வெளுத்திருந்தது.

அந்தச் சுத்தம்தான் வினையாகிவிட்டது. சென்டரில் பாடம் எடுக்கும் சுமலதா வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்து, இந்தக் காலைக் கழுவினால் தண்ணீர் அப்படியே இருக்கும், போட்டோவில் ஒன்றும் தெரியாது என்றாள். கிதியோன் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய்ச் சேற்றில் மிதித்துவிட்டு வா என்றான். பின்னால் என்றால் இரும்புக் கடைக்காரர்கள் கழிசலைக் கொட்டுகிற இடம். ரோஸ்லின் போனாள், மிதித்தாள். தகரமோ ஆணியோ உள்ளங்காலில் ஏறியது. சேறும் ரத்தமுமாகத் திரும்பி வந்தவளை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இவான் என்கிற வெள்ளைக்காரப் பையன் அவள் காலைக் கழுவினான். தண்ணீர் சிவந்ததைப் பார்த்துக் கிதியோனிடம் ஏதோ கேட்டான். சின்னக் கீறல்தான் என்றான் கிதியோன். இவான் தலையாட்டிவிட்டுச் சாக்ஸை மாட்டி, ஷூவை மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டினான். விருந்தாளிகள் விமானம் ஏறுகிறவரை ஷூவைக் கழற்றக்கூடாது என்று சுமலதா பிள்ளையை மிரட்டி வைத்தாள். கழற்றியபோது நாற்றம் ஷெட் முழுக்க அடித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு கணுக்காலோடு எடுத்தார்கள்.

அதைக்கூட ஆரோக்கியமேரி ஒரு மாதிரி விழுங்கியிருப்பாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் குடிசைகள் பூராவும் வேறு கதை பரவியிருந்தது. காயத்தோடு வந்த பிள்ளையைத் தாய்தான் மஞ்சளும் சாணியும் வைத்துக் கட்டி, டாக்டரிடம் காட்டாமல் அழுக விட்டாளாம். பிரதர் கண்ணீர் விட்டு ஜெபத்தில் சொன்னாராம். ரோஸ்லின் நடந்ததைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. தாயைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறது என்றார்கள். வேலைக்குப் போகிற இடத்தில்கூட ஒருத்தி, பெத்த பிள்ளை காலை அழுக வைத்தவள் இவள்தான் என்று கையைக் காட்டினாள். அன்றைக்குத் தலையிலிருந்த சட்டியை அவள் மேலேயே கவிழ்த்திருக்கலாம். ஆரோக்கியமேரி இறக்கி வைத்துவிட்டு அடுத்த சட்டிக்குப் போனாள். கோபத்தைச் சில்லறையாகச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை.

இந்த வருஷம், சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை கிதியோன் அவள் குடிசைக்கு வந்தான். செயற்கைக் கால் செய்து தருகிற ஒரு டிரஸ்ட்டில் பேசிவிட்டதாகவும், ஆனால் சனிக்கிழமை மட்டும் பிள்ளையை வெளியே கூட்டி வரவேண்டாம் என்றும், வந்தவர்கள் மனசு கலங்கிவிடும் என்றும் சொன்னான். பிறகு கண்ணை மூடி ஜெபம் செய்தான். ஆமென் சொல்லும்போது ஆரோக்கியமேரியும் தலையை ஆட்டினாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

பக்கத்துக் குடிசை சபீனா ஏமாறவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சென்டரில்தான் சாப்பிட்டன. வீட்டு வேலைக்குப் போகிற அவளுக்கு அவற்றை விட வேறு இடமில்லை. ஆரோக்கியமேரி லீவு போட்டதைக் கேட்டதும் ஓடி வந்தாள்.

"நக்கோ மேரிக்கா, வாணாம். நீ வாயத் தொறந்தா அவனுங்க போயிடுவானுங்க. சென்டர் மூடிடும். எம் புள்ளைங்கள எங்க வுடுவேன்?"

"எம் புள்ள கால எங்க வுட்டனோ அங்க தேடு" என்றாள் ஆரோக்கியமேரி.

"எங்க மேல எதுக்கு இந்தக் கோவம்? நாங்க என்ன செஞ்சோம்?"

"அவன் சொன்னத நம்புனீங்க."

சபீனா கிளம்பினாள். போகும்போது, உன் பிள்ளைக்கு இனிமேல் கால் முளைக்கப் போவதில்லை, என் பிள்ளைகளுக்கு நாளைக்கும் பசிக்கும் என்று உருதுவில் சொல்லிவிட்டுப் போனாள். அது உண்மை என்று ஆரோக்கியமேரிக்குத் தெரியும். தெரிந்துதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சனிக்கிழமை ஷெட்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளில் பிள்ளைகள், முழங்கால்வரை சேறு. இந்த முறை சுமலதா முன்கூட்டியே குழைத்து வைத்திருந்தாள். தாய்மார்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். விருந்தாளிகள் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு ஆளுக்கொரு தண்ணீர் பேசினோடு முட்டி போட்டிருந்தார்கள். போன வருஷத்து ஆட்களில் இவான் மட்டும் திரும்ப வந்திருந்தான்.

ஆரோக்கியமேரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக நடுவில் நடந்தாள். சேலைக்கு மேல் வேலைக்குப் போடுகிற ஆம்பிளைச் சட்டை. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தாள். இவானுக்கு முன்னால் இருந்த நாற்காலியிலிருந்து ஒரு பிள்ளையை இறக்கிவிட்டு அதில் ரோஸ்லினை உட்கார வைத்தாள். அவன் குனிந்தபடியே இடது காலைக் கழுவித் துடைத்தான். அடுத்த காலுக்குக் கையை நீட்டினான். ஆரோக்கியமேரி பாவாடையைத் தூக்கினாள்.

இவானின் கை அந்த இடத்திலேயே நின்றது. கணுக்கால் இருக்கவேண்டிய இடத்தில் தையல் தழும்போடு மழுங்கிய சதை.

"யூ வாஷ்ட் இட்" என்றாள் ரோஸ்லின். "யூ சா த பிளட்."

கிடார் நின்றது. கிதியோன் மைக்கோடு வேகமாக வந்து, சோகமான முகத்தோடு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தான். ரோஸ்லின் வீட்டில் தமிழ் கேட்டுத் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. அம்மாவின் காதில் தெலுங்கிலேயே சொன்னாள். தண்டவாளத்தில் அடிபட்டதாகவும் அம்மாவுக்கு விவரம் போதாது என்றும் சொல்கிறானாம்.

ஆரோக்கியமேரி பேசினைக் காலால் தள்ளினாள். அது கிதியோனின் ஷூவில் இடித்து நின்றது.

"இவன் வாணாம். நீ கழுவு."

சுற்றிலும் போன்கள் தூக்கியபடி இருந்தன. வருஷா வருஷம் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தவனுக்கு மறுக்க வழியில்லை. கிதியோன் மைக்கைக் கையில் பிடித்தபடியே முட்டி போட்டான். அவன் குனிந்ததும் ஆரோக்கியமேரி தன் வலது கையை அவன் தோளில் வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு ஆசீர்வாதம் செய்வது போலிருக்கும். ஒரு நாள் முழுக்கக் கலவைச் சட்டியை மாடிக்கு ஏற்றுகிற கை. அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"சொல்லு" என்றாள்.

மன்னித்துவிடு சிஸ்டர் என்று தமிழில் முனகினான்.

"எங்கிட்ட இல்ல. அவங்க கிட்ட. இங்கிலீஷ்ல."

அவன் மைக்கில் ஏதோ சொன்னான். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரோக்கியமேரி மகளைப் பார்த்தாள். "புரத சங்கதி செப்பலேதம்மா" என்றாள் ரோஸ்லின். ஏதோ தவறு நடந்துவிட்டது என்றானே தவிர, சேற்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தோளில் இருந்த கை இறுகியது. கிதியோன் மறுபடி சொன்னான். இப்போது சேறு வந்தது. ஷூ வரவில்லை என்றாள் ரோஸ்லின். மறுபடி சொன்னான். ஷூ வந்தது, லேஸ் வந்தது. விமானம் ஏறுகிறவரை கழற்றக்கூடாது என்று மிரட்டியது வந்தது. தப்புத் தப்பாகப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையை டீச்சர் நிறுத்துவது போல, கிதியோனிடம் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டே ரோஸ்லின் அவனை நிறுத்தி நிறுத்திச் சொல்ல வைத்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் அழுகை இல்லை. சுமலதாதான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தேம்மா" என்றாள் ரோஸ்லின். அவ்வளவுதானாம்.

"இன்னும் இருக்குது" என்றாள் ஆரோக்கியமேரி. சுவரோரம் நின்ற தாய்மார்களின் பக்கம் கிதியோனின் தலையைத் திருப்பினாள். "இப்ப தெலுங்குல. மஞ்சளும் சாணியும் வச்சது யாருன்னு இவங்களுக்குச் சொல்லு."

யாரும் வைக்கவில்லை, நான்தான் அப்படிச் சொன்னேன் என்று கிதியோன் தெலுங்கில் சொன்னான். மைக் அவன் மூச்சையும் சேர்த்துக் கொடுத்தது. ஆரோக்கியமேரி சுவரோரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் தலை குனிகிறவரை பார்த்தாள். பிறகுதான் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

இவான் நனைந்த தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தான். ரோஸ்லினைப் பார்த்து ஏதோ சொன்னான். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்றாள் அவள்.

"கேக்கட்டும். குடுக்க மாட்டேன்னு சொல்லு."

"ஷி சேஸ் நோ" என்றாள் ரோஸ்லின்.

மகளை மறுபடி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆரோக்கியமேரி வெளியே வந்தாள்.

விருந்தாளிகள் மறுநாளே லாட்ஜைக் காலி செய்தார்கள். சபை தன் கையைக் கழுவிக்கொண்டது. கொஞ்ச நாளில் சென்டரில் அடுப்பு எரியவில்லை, பிறகு கதவும் திறக்கவில்லை. கிதியோன் திருமுல்கேரி வீட்டிலும் இல்லை என்றார்கள். பேசின் எல்லாம் இரும்புக் கடைக்குப் போனது. பிள்ளைகள் பகல் பூராவும் இரும்புக் கடைகளைச் சுற்றித் திரிந்தன. சபீனா தன் இரண்டையும் வேலை செய்கிற வீட்டு மாடிப்படியில் உட்கார வைத்தாள். அந்த வீட்டம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டாள்.

குடிசைகளில் இப்போது காலை அழுக வைத்தவள் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் சோற்றில் மண் போட்டவள் என்கிறார்கள். ஆரோக்கியமேரி காதில் விழும்படியே சொல்கிறார்கள். முன்னே சொன்னது எரிந்தது. இது எரியவில்லை. இதை அவள்தான் செய்தாள்.

பழைய மேஸ்திரி சேர்த்துக்கொள்ளாததால் விடிந்ததும் கூலிக்கு ஆள் பிடிக்கிற முச்சந்திக்குப் போய் நிற்கவேண்டியிருந்தது. ஒரு நாள் அங்கே சபீனாவும் வந்து நின்றாள். வீட்டு வேலை போய்விட்டதால் சித்தாள் வேலைக்கு வந்திருந்தாள், முதல் நாள். பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. சபீனா ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"இப்ப சந்தோசமா மேரிக்கா?"

ஆரோக்கியமேரி அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். அவளையும் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

லாரி வந்தது. இருவரும் ஏறினார்கள்.