முகம் காட்டும் நேரம்

"ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே ராஜகுரு லேப்டாப்பின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். திரை இருட்டாகவே இருந்தது. இன்னோர் அறை விட்டார்.

"சித்தப்பா, அடிக்காதீங்க" என்றாள் ஸ்வர்ணா.

"பின்ன கொஞ்சச் சொல்றியா? பன்னெண்டு மணிக்குத் தூக்கணும். அங்க ஒருத்தன் அப்பன் மூஞ்சியப் பாக்கணும்னு அமெரிக்காவுல முழிச்சு உக்காந்திருக்கான். இது என்னடான்னா செத்த மாதிரி கெடக்கு."

சொன்ன பிறகுதான் கூடத்தில் கிடக்கும் அண்ணன் ஞாபகம் வந்தது அவருக்கு. வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கூடத்தில் ஸ்வர்ணாவின் அப்பா துளசிராமை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தியிருந்தார்கள். சிம்மக்கல்லில் முப்பது வருஷமாகப் பெயின்ட் கடை வைத்திருந்தவர். வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த கடைத்தெரு ஆட்கள், தங்கமான மனுஷன், ஒருத்தரை அதட்டிப் பேசியதில்லை என்று பேசிக்கொண்டிருந்தது உள்ளறை வரைக்கும் கேட்டது. உண்மைதான். கடையில் அவர் யாரையும் அதட்டியதில்லை. வீட்டில் பெல்ட்டைக் கழற்றும்போதும் அதட்டமாட்டார். முதலில் வாசற்கதவைச் சாத்துவார், பிறகு ஜன்னலை. அதற்குப் பிறகுதான் கை.

ஸ்வர்ணா கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையின் நான்கு விரல்களும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. நடுவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் அம்மா சூடாமணி முந்திக்கொண்டு, "கதவுல நசுங்கிருச்சு" என்றாள். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்.

அது கதவில்லை. அண்ணன் விஜய்ஆனந்த் ஒரு நண்பர் வழியாகக் கொடுத்தனுப்பிய லேப்டாப்பின் மூடி. ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்பா ஓங்கிய பெல்ட்டை அண்ணன் எட்டிப் பிடித்தான். அன்றைக்கே அவனைத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினார். அவன் பேரைச் சொன்னால் அம்மாவுக்கு அடி விழும். ஸ்வர்ணா லேப்டாப்பைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, அப்பா கடையில் இருக்கும் நேரம் பார்த்து அண்ணனோடு எழுத்தில் பேசுவாள். நேற்று சாயங்காலம் அவர் ஏழு மணிக்கே கடை அடைத்துவிட்டு வந்துவிட்டார்.

பின்னாலிருந்து வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். எழுத்துப் பெட்டிக்கு மேலே மகன் பெயர் இருந்தது. அவள் வலது கை விரல்கள் விசைகளின் மேல் இருக்கும்போதே மூடியை அடித்துச் சாத்தினார். இரண்டு கையாலும் அழுத்தினார். எலும்பு நெறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. விரல்களை உருவிக்கொண்டு அவள் தரையில் விழுந்ததும் லேப்டாப்பைத் தூக்கி அவள் தலைக்கு நேரே ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. லேப்டாப் கட்டிலில் விழுந்தது. அவர் தரையில் விழுந்தார்.

அவர் கண் திறந்திருந்தது. வாய் எதையோ கேட்டது, ஒருவேளை தண்ணீராக இருக்கலாம். தெருமுனையில்தான் டாக்டர் வீடு. ஸ்வர்ணா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கைவிரல்களை மடியில் வைத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோயிலுக்குப் போயிருந்த அம்மா உள்ளே வந்தபோது அந்த வாய் நின்றுபோயிருந்தது.

அம்மா முதலில் கேட்டது, "விரல்ல என்னடி?" என்பதுதான்.

இப்போது லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்று மூச்சு விடுவதுபோல எரிந்து அணைந்துகொண்டிருந்தது. தூங்குகிறது, சாகவில்லை. இடது கையால் எந்த விசையைத் தொட்டாலும் எழவில்லை. தன் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நல்லகாமனுக்குத் தன் பட்டன் செல்போனில் பேசினாள்.

"கேள்விப்பட்டேன் தங்கச்சி, மனசே சரியில்ல" என்றான் அவன். "சரி, சார்ஜர் மாட்டிருக்கா? பவர் பட்டன ஒரே ஒரு தடவ அமுக்கு. அழுத்திப் பிடிச்சுறாத, மொத்தமா அணைஞ்சிரும்."

அமுக்கினாள். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் வந்தது. சின்ன விளக்கு துடிப்பதை விட்டு நிலையாக எரிந்தது. திரை மட்டும் கருப்பு.

"முழிச்சிருச்சு அண்ணே. படம் வரல."

"டார்ச் இருக்கா? திரையில சாய்ச்சு அடிச்சுப் பாரு. லேசா எழுத்து எதும் தெரியுதா?"

சாமி அலமாரியில் இருந்த டார்ச்சை எடுத்து வந்து அடித்தாள். கருப்புக்குள்ளே, கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல, எழுத்துகள் தெரிந்தன. நேற்று விட்ட இடம். அண்ணன் எழுதியிருந்தான்: *அந்தாளு செத்தாத்தான் உங்க ரெண்டு பேருக்கும் விடிவு.* அதற்குக் கீழே, அனுப்பாமல் நின்றுபோன அவளுடைய பதில்: *ஆமாண்ணா சாகட்டும்.* அதைத் தொடர்ந்து ஒரே எழுத்து, வரிசை வரிசையாக, பெட்டி நிறைய. மூடிக்கு அடியில் அவள் விரல் நசுங்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அங்கே எழுத்தாக விழுந்து கிடந்தது.

"தெரியுதா தங்கச்சி?"

"தெரியுது."

"அப்ப ஒண்ணுமில்ல. மூடி சாத்திருக்குன்னே அது நெனச்சுக்கிட்டிருக்கு. கீல் பக்கத்துல பொடிசா ஒரு குமிழ் இருக்கும், உள்ள சிக்கியிருக்கும். ஊக்க வச்சு நெம்பு, வெளிச்சம் வந்துரும். எங்கயும் கீழ போட்டியா?"

"அப்பா மூடுனாரு" என்றாள்.

"சரிம்மா, பாத்துப் பண்ணு" என்று வைத்துவிட்டான்.

"என்னாச்சு? வந்துச்சா இல்லையா?" ராஜகுரு கதவை உதைத்துத் திறந்தார். பின்னால் அத்தைமார், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஏழெட்டுத் தலைகள். வெளிச்சம் வந்தால் முதல் ஆளாக அவர்தான் படிப்பார். "இம்புட்டு நேரமா என்னடி நோண்டுற? குடு இங்க!" என்று நசுங்கிய கையைப் பிடித்து இழுத்தார். அவள் அலறிய அலறலில் கூடத்தில் ஒப்பாரி நின்றது.

சூடாமணி எழுந்து வந்தாள். கூட்டத்தைத் தோளால் விலக்கி, கொழுந்தனின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அவர் நிலைப்படியில் முதுகு மோதி நின்றார்.

"அவ மேல இனி எவன் கையும் படக் கூடாது. கதவச் சாத்திட்டுப் போ."

அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயரம் போனதை யாரும் கேட்டதில்லை. கதவு சாத்தப்பட்டது. சூடாமணி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்கவில்லை. தன் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

ஸ்வர்ணா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இடது கை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அழிய அழிய இன்னும் வந்தது. கடைசியில் *ஆமாண்ணா சாகட்டும்* என்பது மட்டும் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியையே மூடிவிட்டு ஊக்கு முனையால் குமிழை நெம்பினாள். திரை வெளிச்சம் முகத்தில் அடித்தது.

ஐந்தாவது நிமிடத்தில் விஜய்ஆனந்த் திரையில் வந்தான். முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "அம்மா" என்றான். ராஜகுரு, "நேரமாச்சு, முதல்ல அப்பாவக் காட்டு" என்று அறைக்கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னார்.

ஸ்வர்ணா லேப்டாப்பைக் கூடத்துக்குத் தூக்கிப் போனாள். "கிட்ட, இன்னும் கிட்ட" என்றார்கள். பாயோரம் குனிந்து, அப்பாவின் முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில், தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் திரை தெரியும்படி சாய்த்துப் பிடித்தாள். திரை மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் அப்பாவின் முகம் நிறைந்தது. அண்ணனும் அதைத்தான் பார்த்தான்.

அவன் இடது முழங்கை சட்டென்று மேலே எழும்பி முகத்தை மறைத்தது. தலை தோளுக்குள் இறங்கியது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். படம் திக்கித் திக்கி வந்ததில் அந்தக் கோலம் அப்படியே உறைந்து நின்றது.

"ஐயோ, புள்ளையால பாக்க முடியல பாருங்க" என்று ஓர் அத்தை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். கூடம் முழுக்க அழுதது.

படம் நகர்ந்தபோது கை இறங்கியிருந்தது. அந்தக் கையால் அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தான்.

"தெரியுதாப்பா?" என்றார் ராஜகுரு.

"தெரியுது சித்தப்பா."

வெளியே பாடை கட்டி முடித்துவிட்டார்கள். தூக்குவதற்கு நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஸ்வர்ணா லேப்டாப்பை எடுத்துப் போய் மேசையில், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். வெள்ளையடித்த வெறும் சுவர். துளசிராமைத் தூக்கி வாசல் தாண்டிக் கொண்டுபோகும்வரை, கண்ணை எடுக்காமல் அவன் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.