பச்சைப் பெட்டியில் இருந்த ஊசி

தம்பி மகளுக்கு வீட்டில் வைத்த பேர் வாயாடி. நாலு வயசு. அவள் உடம்பு பிறந்ததிலிருந்தே ஒரு ஹார்மோனைச் சுரப்பதில்லை, பரம்பரைக் கோளாறு. மூன்று வேளை மாத்திரை தப்பக்கூடாது. வாந்தியில் மாத்திரை வெளியே வந்துகொண்டே இருந்தால் உடனே ஊசி. தம்பி மனைவி இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "நீயே பிள்ளையை நோயாளி ஆக்காதே" என்று சொல்லி, தம்பிக்கு அக்காவான அத்தைதான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்று காலை தம்பியும் மனைவியும் பத்து நாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அவனுக்கும் அதே கோளாறு உண்டா என்று ரத்தம் கொடுக்கப் போயிருந்தார்கள். வாயாடி அத்தை பொறுப்பில்.

மாத்திரை விழுங்கிய கையோடு வாந்தி. மறுபடியும் கொடுத்தாள், அதுவும் நிற்கவில்லை. "தூங்கினா சரியாயிடும்" என்று படுக்கவைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. இந்தப் பிள்ளை இருக்கிற வீட்டிலா? அத்தை உள்ளே ஓடினாள்.

உதடு வெளுத்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. தூக்கினால் தலை தொங்கியது.

போனில் தம்பி மனைவி, "அண்ணி, ஊசி போடுங்க. இப்பவே" என்றாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. நீ வந்துடேன்."

"நாங்க வர்றவரைக்கும் அவ தாங்கமாட்டா அண்ணி! இவரு ஆம்புலன்ஸுக்குச் சொல்றாரு. அலமாரி மேல்தட்டுல பச்சைப் பெட்டி."

பெட்டியில் இருந்த குப்பியில் மேலறையில் தண்ணீர், கீழறையில் பொடி. போனில் அவள் சொல்லச் சொல்ல அத்தை மூடியை அழுத்தினாள். தண்ணீர் பொடியில் இறங்கியது. குலுக்கினாள். ஊசி குப்பி வாயின் ரப்பரில் இறங்காமல் இரண்டு தரம் வழுக்கியது.

"பாதி மருந்துதான் இழுக்கணும். தொடையில, வெளிப்பக்கமா, நேரா குத்துங்க."

குத்தினாள். பிள்ளை முனகக்கூட இல்லை. அதில்தான் அத்தைக்குப் பாதி உயிர் போனது.

மருத்துவமனையில் சலைன் ஏறி, மத்தியானம் வாயாடி கண் திறந்தாள். "என் கால்ல யாரு குத்தினா?" என்று சண்டைக்கு வந்தாள்.

"அந்த ஊசி போடலேன்னா இங்க வந்தே சேர்ந்திருக்கமாட்டா" என்றார் டாக்டர்.

அத்தையால் தம்பி மனைவியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "வாந்தி எடுத்ததுமே உன்னைக் கூப்பிட்டிருக்கணும். ஒரு மணி நேரம் சும்மா இருந்துட்டேம்மா."

தம்பி மனைவி வாயாடியின் போர்வையைச் சரிசெய்தாள்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. சின்னவனுக்கும் இருந்தது. தம்பி மனைவி காகிதத்தை மடித்து, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"இவனுக்கு எவ்வளவு இழுக்கணும்?" என்று கேட்டாள் அத்தை.