காற்று படாத இடம்

மாப்பிள்ளையின் ஒரு கையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு கையை டிரைவர் பிடித்துக்கொண்டிருந்தார். செத்துப்போன மாமனார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க அந்த பஸ்ஸை ஓட்டியவர் அவர். பிடித்தால் லேசில் விடுகிற கை இல்லை அது. நாற்காலியைக் கீழே வைக்கவும் வழியில்லை, கையை உருவிக்கொள்ளவும் வழியில்லை.

"எப்படி ஆச்சு மாப்பிள்ளை? நல்லாத்தானே இருந்தான்?"

விடிந்ததிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் சொன்ன கதைதான். மனப்பாடமாகச் சொன்னான். "நேத்து சாப்பிட்டுட்டு ஷெட்டுக்குப் போனாரு. வேனுக்கு அடியிலேர்ந்து வெல்டு வைக்கணும்னு குழிக்குள்ள இறங்கினாரு. காத்து அடிச்சா வெல்டு கெட்டுடும்னு நான்தான் ஃபேனை நிறுத்தி, ஷட்டரை இறக்கிவிட்டுட்டு வந்தேன். சாயந்திரம் டீ கொண்டுபோனா, படியில சாஞ்சு கிடந்தாரு. டாக்டர் வந்து பார்த்துட்டு ஹார்ட்டுன்னுட்டாரு."

"ஒரு சத்தம்கூடக் கேக்கலையா?"

"இல்ல. கேஸ் மட்டும் லேசா உஸ்ஸுன்னு..."

இத்தனை நேரம் வாய்தான் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போதுதான் அவன் காது கேட்டது. ஃபேன் ஓடவில்லை, ஷட்டர் இறக்கியிருந்தது, மனுஷன் குழிக்குள், பக்கத்தில் திறந்த சிலிண்டர். டிரைவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அழுதுடுங்க மாப்பிள்ளை. மனசுல வச்சுக்காதீங்க."

நேற்று மாமனாரைத் தூக்க இரண்டு படி இறங்கினதும் அவனுக்குத் தலை சுற்றியது, முழங்கால் துவண்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். "மாமனார்மேல அவ்வளவு பாசம், பார்த்ததும் மயங்கிட்டாரு" என்று அவரே தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

அந்த வெல்டிங் மெஷின் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மாமனார் ஒரு பழைய வேனை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். வாழ்நாள் முழுக்க விசில் ஊதினவருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற ஆசை. வேனின் தரை முழுக்கத் துரு. உட்கார்ந்தால் கால் ரோட்டில் படும். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் முன்பு மெக்கானிக் கடை இருந்தது, அதனால் தரையில் ஆளிறங்கும் குழி இருந்தது. வேனைக் குழிக்கு மேல் தள்ளி வைத்து, நானே தகடு வெட்டி நானே வெல்டு வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்த வீட்டில் சிரிக்கிற நிலையில் இல்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஆள் குறைத்தபோது அவன் வேலை போனது. மனைவியோடும் சாமான்களோடும் மாமனார் வீட்டு மாடிக்கு வந்தான். மாமாவும் அத்தையும் நல்ல மனுஷர்கள்தான், சொல்லிக்காட்டியது கிடையாது. அதுதான் கஷ்டம். டிவியில் எந்தச் சேனல் என்று அவனை யாரும் கேட்க மாட்டார்கள், அவனும் ரிமோட்டைத் தொட மாட்டான். குளிக்கப் போனாலும் பக்கெட் சத்தம் கேட்காமல் குளிப்பான். நன்றி சொல்லிச் சொல்லியே முதுகு கூனிப்போன ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் அவனைப் பார்க்கலாம்.

வெல்டிங் மெஷின் என்றதும் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. வெல்டிங் டார்ச்சைக் கையால் தொடாதவன், ராப்பகலாக வீடியோ பார்த்தான். மாமனார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தான். கடையில், "கேஸ் வச்சதா, கேஸ் இல்லாததா?" என்று கேட்டபோது மாமனார் முந்திக்கொண்டார். "சிலிண்டரைக் கட்டி அழறது நமக்கு ஒத்து வராதுப்பா. வயருக்குள்ளயே பவுடர் வச்சு வருதுல்ல, அதைக் குடு. எந்தக் காத்துலயும் வாசல்ல வச்சே அடிக்கலாம்."

"அது தடிச்ச இரும்புக்கு மாமா," என்றான் அவன். "வேன் தகடு மெல்லிசு. வெல்டு வைக்கறதுக்குள்ள ஓட்டை போட்டுடும். புகை வேற மண்டும், உங்க இருமலுக்கு ஆகாது. வீட்டு கரண்டுல ஓடற மாதிரி, கேஸ் வச்ச சின்ன மெஷின் போதும்."

கடைக்காரரும் ஆமாம் என்றார். மாமனார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. மாப்பிள்ளை சொல்றதையே குடு."

அந்த ஒரு வாக்கியத்தை அவன் பல நாள் அசைபோட்டான். வீட்டுக்கு வந்த பிறகு முதல் வெல்டு முழுக்கப் பொத்தல் விழுந்தது. "என்ன மாப்பிள்ளை, உங்க கேஸு காலை வாருது?" என்று மாமனார் கிண்டலடிக்க, அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. "வெல்டுமேல வெளிக்காத்து படாம மூடறதுதான் இந்த கேஸு மாமா, அதை ஃபேன் காத்து தள்ளிட்டுப் போயிடுது. ஃபேனை நிறுத்துங்க, ஷட்டரை இறக்குங்க. இந்த கேஸு காத்தை விடக் கனம், தள்ளிவிடாம இருந்தா அப்படியே கீழ உட்காரும்." சொன்னபடி செய்ததும் வெல்டு வழவழவென்று வந்தது. மாமனார் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ரிமோட்டை மாப்பிள்ளை பக்கம் தள்ளிவைத்தார்.

இப்போது கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலிகளை ஒருவழியாக வாசலில் போட்டுவிட்டு நின்றான். இன்னொரு நினைப்பு வந்தது. நேற்றைய அமளியில் சிலிண்டர் வால்வை யாராவது மூடினார்களா? தெருவே எட்டிப் பார்க்கிறது என்று ஷட்டரை இறக்கிப் பூட்டினதுதான் ஞாபகம். அந்த உஸ் சத்தம் கேஸ் குழாய் எங்கோ கசிகிற சத்தம்தான். ராத்திரி முழுக்கக் கசிந்திருக்கும். குழி நிறைந்திருக்கும்.

சத்தமில்லாமல் போய் வால்வைத் திருகி, ஷட்டரைத் திறந்துபோட்டுவிட்டால் கதை முடிந்தது. டாக்டர் ஹார்ட் என்று எழுதிவிட்டார். அறுபது தாண்டின மனுஷன் செத்ததில் யாரும் சந்தேகப்படப்போவதில்லை. வாயைத் திறந்தால் போலீஸ் வரும், உடம்பை அறுப்பார்கள், அத்தை தாங்க மாட்டார். இப்படி அத்தைக்காகத்தான் யோசிக்கிறோம் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். தனக்கே அது எடுபடவில்லை.

சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. கேட்கலாம் என்று போனால், அத்தை அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சுற்றியிருந்த பெண்களிடம் சொன்னார்: "பெத்த புள்ளை தூரத்துல இருக்கான். இவருதான் கூடவே இருந்தாரு. அந்த மெஷினைப் பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்தாரு. கடைசி காலத்துல மனுஷன் சின்னப் பையன் மாதிரி சந்தோஷமா இருந்தாரு." பெண்கள் அவனை நன்றியோடு பார்த்தார்கள். எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. அத்தை பிடித்த கையை விடவில்லை.

அப்புறம் ஐஸ் பெட்டி வந்தது, அதற்கு பிளக் பாயிண்ட் பார்க்க வேண்டியிருந்தது. டீ வந்தது, ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லை. பாத்ரூம் எங்கே என்று ஒருவர் கேட்டார். ஷெட் பக்கம் திரும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். அந்த வீட்டில் அவனை இத்தனை பேர் இத்தனை தடவை கூப்பிட்டதே இல்லை.

நடுப்பகலில் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, அத்தையின் ஒரே மகன். பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். "அப்பா மாதிரியே இல்லையேம்மா," என்றான்.

"கண்ணாடி இல்லடா. அதான் அப்படி இருக்கு," என்றார் அத்தை. "குழிக்குள்ள விழுந்திருக்கும். போட்டுவிட்டா அவரு மாதிரி ஆயிடுவாரு." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

மாப்பிள்ளை டீத் தட்டோடு குறுக்கே வந்தான். "குடுங்க மச்சான், நான் எடுத்துட்டு வரேன்."

"இருக்கட்டும் அத்தான். நீங்க எவ்வளவோ பண்ணிட்டீங்க. நான் அவருக்கு ஒண்ணுமே பண்ணல. இதையாவது நான் பண்றேன்."

மச்சான் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மாப்பிள்ளை தட்டோடு நின்றான். யாரோ அதிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கம் ஷட்டர் தூக்குகிற சத்தம் கடகடவென்று கேட்டது. தட்டை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது, அது உடைகிற சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மச்சான் இரண்டு படி இறங்கி, மூன்றாவது படிக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை காலரைப் பிடித்து இழுத்தான்.

"என்ன அத்தான்?"

"வழுக்கும். எண்ணெய். நான் இறங்கறேன்."

"நான் பார்த்து இறங்கிக்கறேன். விடுங்க."

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மச்சான் அவன் கையைத் தட்டிவிட்டுக் குனிந்தான். குழிக்கு அடியில், படிக்குப் பக்கத்தில் கண்ணாடி மல்லாந்து கிடந்தது மேலிருந்தே தெரிந்தது. மாப்பிள்ளை அவனை இடுப்போடு கட்டிப்பிடித்து மேலே தூக்கினான். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

"இறங்காதீங்க. உள்ள காத்து இல்ல."

மச்சான் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். தட்டு உடைந்த சத்தத்துக்கே ஓடிவந்தவர்கள் வாசலில் நின்றார்கள். டிரைவர், தையல்காரர், அவன் மனைவி.

"மேல இவ்வளவு திறந்து கிடக்கு. காத்து இல்லன்னா என்ன அர்த்தம்?"

"கேஸ். வெல்டு வைக்கிற கேஸு. காத்தை விடக் கனம். கீழ போய் உட்கார்ந்துடும். வாடை வராது, கண்ணுக்குத் தெரியாது." மூச்சு வாங்கியது. "மாமாவுக்கு ஹார்ட் இல்ல. நான்தான் கேஸ் மெஷின் வாங்கச் சொன்னேன். நான்தான் ஃபேனை நிறுத்தினேன், ஷட்டரை இறக்கினேன். குழிக்குள்ள நின்னுதான் வெல்டு வைக்கப்போறாருன்னும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்து யோசிக்கலை."

அவன் எழுந்து மூலைக்குப் போய் சிலிண்டர் வால்வைத் திருகினான். உஸ் என்ற சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தது மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றாள் மனைவி.

"காலைல. டிரைவர் மாமாகிட்ட சொல்லும்போது."

"இப்ப மத்தியானம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தம்பியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மச்சானுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா? பெரிய பாதாளமா இது? நின்னா என் நெஞ்சு வரைக்கும்தான் வரும்." சொல்லிக்கொண்டே மறுபடியும் குழிப் பக்கம் நகர்ந்தான்.

மாப்பிள்ளை அலமாரித் தட்டைத் துழாவினான். கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தி ஒன்று அகப்பட்டது. வெல்டிங் வயரில் நீளமாக ஒரு துண்டு வெட்டி, மெழுகுவர்த்தியின் அடியில் சுற்றினான். வயர் அடங்காமல் சுருண்டுகொண்டே இருந்தது. தையல்காரர் தீப்பெட்டி கொடுத்தார். இந்த கேஸ் தீப்பிடிக்காது, வேனின் பெட்ரோல் டேங்கையும் எப்போதோ கழற்றி வெளியே வீசியாகிவிட்டது, அந்தப் பயம் இல்லை. பற்றவைத்து, குழியின் விளிம்பில் மண்டியிட்டு, மெதுவாகக் கீழே விட்டான்.

விளிம்பைத் தாண்டி ஒரு சாண் வரைக்கும் சுடர் நேராக எரிந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் குறுகியது. அப்புறம் இல்லை. காற்றில் அணைகிற மாதிரி ஆடவோ துடிக்கவோ இல்லை. மச்சான் பின்னால் இரண்டடி நகர்ந்து, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அத்தை வந்திருந்தார். எப்போதிலிருந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்க மாப்பிள்ளைக்குத் தைரியம் வரவில்லை, அவர் காலைத்தான் பார்த்தான். செருப்புப் போடாமல் வந்திருந்தார். இனி இந்த வீட்டில் இவர் தன்னை என்னவென்று கூப்பிடுவார் என்ற யோசனை அந்த நேரத்திலும் ஓடியது. அதற்காகத் தன்னையே அவன் வெறுத்தான்.

அத்தை குழியின் விளிம்புக்கு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். உள்ளே கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். வயரில் தொங்கின மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ விடுங்க."

மேலே இழுத்து, திரியை நிமிர்த்தி, பற்றவைத்து விட்டான். அதே இடத்தில் அணைந்தது.

"அம்மா, வாம்மா உள்ள போலாம்," என்றான் மச்சான். அத்தை காதில் வாங்கவில்லை.

"இன்னொரு தடவ."

அவன் மறுபடியும் பற்றவைத்தான். அத்தை கையை நீட்டிச் சுடருக்கு ஒரு பக்கம் மறைவு கட்டினார். விரல்கள் அவன் விரல்களில் பட்டன.

"மெதுவா விடுங்க மாப்பிள்ளை," என்றார்.

அவன் மெதுவாக விட்டான்.