அக்கா கேட்காத தள்ளுபடி

கூடப்பிறந்த அக்காவின் உறவுக்கு அன்றைக்கு மார்க்கெட் விலை ஏழாயிரம். விலை சொன்னவன் நான்தான். ஒரு பைசா குறைக்கச் சொல்லாமல் எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

வியாபாரக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கு இந்த வலி புரியாது. எங்கள் வீட்டில் பேரம் என்பதே சொந்தக்காரர்களோடுதான். சொன்ன விலையைக் கொடுத்தால் 'நீ யாரோ, நான் யாரோ' என்று அர்த்தம். பாகம் பிரித்தபோது உதிரிபாகக் கடை எனக்கு வந்தது, அப்பாவின் பழைய கார் அவளுக்குப் போனது. அடுத்தவர்தான் கொள்ளை லாபம் அடித்தார் என்று இருவருமே நம்பினோம். அதோடு பேச்சு நின்றது.

இப்போது அந்தக் காரைச் சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடப்போகிறாள். சனிக்கிழமை முதல் சவாரி, ஓட்டப்போவதும் அவளே. சக்கரத்தை அலங்கரிக்கச் சாமான் வேண்டுமென்று கடைக்கு வந்தாள். சக்கரம் முழுக்க மூடும் வீல் கப்பைக் காட்டினேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பதுபோல் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். விளிம்பை மட்டும் சுற்றிவரும் குரோம் வளையம் நாலு, நடுவில் பளிச்சென்று தெரியத் தலை மூடிய நட்டு இருபது எடுத்தாள். தேர்வில் குறை சொல்ல முடியாது.

"எவ்வளவுங்க?" என்றாள்.

'ங்க'! சின்ன வயதில் எனக்கு மூக்குச் சிந்திவிட்டவள்.

நாலாயிரத்து ஐநூறில் முடியவேண்டிய சரக்கு. சண்டைக்கு வரட்டும் என்றே ஏழாயிரம் என்றேன்.

"பில் போடுங்க."

அந்தப் பணம் கல்லாவில் இருந்துகொண்டு என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் மதியம் ஒரு சாக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டு அவள் ஷெட்டுக்குப் போனேன். வாசலிலேயே அக்கா புருஷன் நின்றார்.

"வா மச்சான். உள்ளதான் இருக்கா. ஹெல்மெட்டக் கழட்டாமப் போ."

அக்கா வீல் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு முன் சக்கரம் ஜாக்கியில் நின்றது.

"கடைக்காரருக்கு இங்க என்ன வேலைங்க?"

"வளையம் சரியா உக்காந்துச்சான்னு பாக்க வந்தேன்."

"நாங்களே எல்லாம் மாட்டிட்டோம். நட்டு கல்லு மாதிரி இறுகிடுச்சு."

கை சும்மா இருக்குமா? சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டக். மறுபடியும் டக். ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன், நட்டு அசையவில்லை. நட்டு இறுக்கம், ஆனால் சக்கரம் ஆட்டம். பலம் கொண்டமட்டும் திருகி ஒன்றைக் கழற்றினேன். நட்டின் உள்ளே, மூடிய தலையில், புதுசாக ஒரு வடு. சக்கரத்தில் நட்டு உட்கார வேண்டிய இடத்திலோ பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் நீளம். அது நட்டின் தலையில் போய் முட்டிக்கொண்டு நிற்க, நட்டு சக்கரத்தைத் தொடவே இல்லை.

"அக்கா, வண்டிய நகத்தாத."

"ஏன், வாங்கின காசு பத்தலையா?"

"விளையாடாத. இப்படியே ஓட்டினா சக்கரம் முன்னால போகும், நீ பின்னால போவ. விரலை விட்டுப் பாரு."

நட்டுக்குள் விரலை விட்டு வடுவைத் தடவினாள்.

"விக்கும்போதே ஸ்டட் எவ்வளவு நீளம்னு கேக்க மாட்டியா?"

"நீ பேரம் பேசியிருந்தா கேட்டிருப்பேன்! அரைமணி நேரம் வாயாடியிருப்போம், நடுவுல ஸ்டட்டும் வந்திருக்கும். நீ மகாராணி மாதிரி பணத்த வச்சுட்டுப் போயிட்ட."

"அதுக்கு ஏழாயிரமாடா சொல்லுவ, கொள்ளைக்காரா?"

'டா' வந்துவிட்டது. எந்தக் குரோமும் அப்படி மின்னியதில்லை. பின்னாலேயே உள்ளே வந்திருந்த மாமா ஜாக்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

கடைக்கு ஓடி, இரண்டு பக்கமும் திறந்த எஃகு நட்டுகளும், அவற்றின்மேல் போடும் மெல்லிய குரோம் குல்லாக்களும் கொண்டுவந்தேன். இதில் ஸ்டட் எவ்வளவு நீண்டாலும் வெளியே எட்டிப் பார்க்குமே தவிர முட்டாது. ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் ஏற்றி, புது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினோம். ஜாக்கியை இறக்கிக் கடைசி இறுக்கை அவளே போட்டாள். காற்றடிக்கும் வால்வுக்கு நேராக வளையத்தின் வெட்டைப் பொருத்தி, உள்ளங்கையால் தட்டி உட்காரவைத்தேன். ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்து ஆட்டினாள். வண்டி மொத்தமும் ஆடியது, சக்கரம் தனியாக ஆடவில்லை.

தெருக்கோடிவரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். இறங்கும்போதே ஆரம்பித்தாள்.

"எவ்வளவு?"

"குல்லாவோட சேத்து அஞ்சாயிரம்."

"மூணு."

"அக்கா, அடக்க விலையே..."

"அடக்க விலையா? நானும் அப்பா கடையில வளந்தவதான்டா. யார்கிட்ட கதை விடுற?"

மாமா காப்பி போட்டுக்கொண்டு வந்தார், ஆறவிட்டார், திரும்பச் சூடாக்கினார். நாலாயிரத்தில் முடிந்தது.

"எங்கூலி?"

"காப்பி குடிச்சல்ல?"

மீதியைக் கொடுக்கப் பர்ஸை எடுத்தேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"வச்சிரு. டயர் வாங்கணும், ஹெட்லைட் வாங்கணும். எம்பேர்ல ஒரு கணக்கு போட்டு வை."

கடைக்குத் திரும்பியதும் புதுப் பக்கம் திருப்பினேன். அக்கா: வரவு ஏழாயிரம். பற்று நாலாயிரம். கடை தரவேண்டிய பாக்கி மூவாயிரம்.